ஜைதூன் பீ செய்த கறுப்பு வீணை

ஜைதூன் பீ ஒரு பிளாஸ்டர் காலுக்கு நைலான் உறை மாட்டிக்கொண்டிருந்தாள். சாதாரணமாகக் காலுறை மாட்டுவது போலத்தான் இருக்கும். ஆனால் ஒரு சுருக்கம்கூட விழக் கூடாது. விழுந்தால் அது மேலே ஊற்றும் ரெசின் பிசினோடு சேர்ந்து இறுகி, அடுத்த வாரம் யாரோ ஒருவரின் தோலைக் கிழிக்கும். இரண்டு கட்டைவிரல்களாலும் மேலிருந்து கீழாக நீவிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

“மறுபடியும் புண்ணா சிஸ்டர்?”

“மறுபடியும்தான். அதே இடம்.”

“முட்டிக்குக் கீழ, வெளிப்பக்கம் எலும்பு துருத்திக்கினு கீதே, அங்கயா?”

“அங்கேயேதான்.”

அவள் கை நின்றது. “மூணு தபா சொரண்டிட்டேன். அந்த எடத்துல இப்போ ஒரு கோலிகுண்டே உள்ள போவும். அப்புறம் எப்படிப் புண்ணு வருது?”

நாங்கள் பேசியது ஜெயலக்ஷ்மியின் காலைப் பற்றி. மந்தைவெளியில் மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாத ஒரு பழைய ஃபிளாட்டில் இருப்பவள். வீணை டீச்சர், வயது அறுபத்திரண்டு. சர்க்கரை நோயால் போன வருடம் இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். காலையும் மாலையும் போய்க் கட்டு மாற்றுவது என் வேலை. அவளுக்குச் செயற்கைக் கால் செய்தவள் ஜைதூன் பீ. ராயப்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை செய்கிறாள். மீதிக் கால் உட்காரும் கிண்ணத்தை அவர்கள் சாக்கெட் என்பார்கள். அதில் எங்கோ உரசுகிறது என்று நினைத்துத்தான் அவள் மூன்று முறை உள்பக்கத்தைத் தேய்த்துக் கொடுத்திருந்தாள்.

டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தார். புண் இன்னொரு முறை திறந்து சீழ் பிடித்தால் முட்டியையும் எடுக்க வேண்டும். முட்டி இருந்தால் செயற்கைக் காலோடு மாடிப்படி ஏறலாம். அந்த வயதில், அவளுடைய பலவீனமான இதயத்தோடு, முட்டி இல்லாமல் மூன்று மாடி ஏறி இறங்குவது நடக்காத காரியம். அப்புறம் அந்த ஃபிளாட்டே ஜெயில்தான்.

“காலுல தப்பு இல்லன்னா வூட்டுல தப்பு கீது. ஞாயித்துக்கெழம நான் வந்து பாக்கறேன். அவங்களாண்ட சொல்லாதீங்கோ” என்றாள் ஜைதூன் பீ.

ஞாயிறு பதினொரு மணிக்குப் போனோம். அது நான் வழக்கமாகப் போகும் நேரமல்ல. கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. உள்ளே வீணைச் சத்தம் கேட்டது.

ஜெயலக்ஷ்மி பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். செயற்கைக் கால் பீரோ மேல் சாய்ந்து நின்றது. வீணையின் பெரிய குடம் தரையில் இருந்தது. மறுபக்கத்துச் சுரைக்காய், அதாவது தண்டி என்ற நீண்ட கழுத்தின் மறுமுனையைத் தாங்கும் சின்னக் குடம், இடது தொடையில் இருந்தது. அந்தத் தொடைக்குக் கீழே மீதிக் கால் வெறும் பாயில் அழுந்திக் கிடந்தது.

“டீச்சர், இன்னா பண்றீங்கோ?”

“பாத்தாத் தெரியலையா? வாசிச்சிண்டிருக்கேன்.”

“காலு எங்க?”

“அதைப் போட்டுண்டு சம்மணம் போட முடியுமோ? அதான் கழட்டி வச்சேன்.”

ஜைதூன் பீ செருப்பை உதறிவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தாள். மீதிக் காலுக்கும் தரைக்கும் நடுவே தன் கையைச் செருகினாள். “இப்போ வாசிங்கோ.”

ஜெயலக்ஷ்மி ஒரு கம்பியை இழுத்து அசைத்தாள். ஜைதூன் பீ முகத்தைச் சுளித்தாள்.

“யம்மா! அம்மிய வச்ச மாரி கீது. நான் பாட்டுக்கு என் சாக்கெட்ட சொரண்டிக்கினு இருந்தேன். தப்பு என் காலுல இல்ல, உங்க வீணையில கீது.”

தினமும் எவ்வளவு நேரம் என்று கேட்டேன். இரண்டு மணி, சில நாள் மூன்று என்றாள். நாற்காலியில் உட்கார்ந்து வாயால் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாளும் கேட்கவில்லை. இரண்டு வேளையும் கட்டுப் போட்டவள் நான், கேட்டிருக்க வேண்டியவளும் நான்தான்.

ஸ்டாண்டில் வைத்து வாசியுங்கள் என்றேன். அதைப் பார்த்தாயிற்று என்றாள். சர்க்கரைக்காரர்களுக்கு வரும் தோள் இறுக்கம் அவளுக்கும் உண்டு. அந்த உயரத்துக்கு இடது கை எழும்பாது. கீழே ஸ்பான்ஜ் வைத்தால், பாரம் நகர்ந்து வேறொரு இடத்தில் அழுத்துகிறது.

“அப்படியானால் நிறுத்துங்கள்.”

“சரின்னு தலையாட்டுவேன் சிஸ்டர். நீங்க போனப்புறம் வாசிப்பேன். உங்ககிட்டப் பொய் சொல்ல வேண்டாமேன்னு பாக்கறேன்.”

முப்பது வருடமாக இப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்க்கிறேன். இவர்களிடம் வாதாடுவது நேர விரயம்.

ஜைதூன் பீ குளியலறையிலிருந்து எடை பார்க்கும் மெஷினைக் கொண்டுவந்தாள். முதலில் தனியாக ஏறினாள், பிறகு வீணையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். எட்டரைக் கிலோ.

“இது இன்னா மரம்?”

“பலா.”

“கார்பன்ல பண்ணா இதுல பாதிகூட வராது.”

ஜெயலக்ஷ்மி சிரித்துவிட்டாள். “வீணையைக் கால் பண்றாப்ல பண்ணப் போறியா?”

“காலுன்னா அவ்ளோ எளப்பமா? உங்கள முழுசா தூக்கிக்கினு நடக்குதில்ல?”

“எத்தனை நாள் ஆகும்?”

“தெரியாது. பண்ணதில்லியே.”

“பத்து வாரம் தொடாம இருக்கேன். அதுக்கு மேல என்னால ஆகாது. பழையதை எடுத்துடுவேன், சொல்லிட்டேன்.”

அப்படித்தான் கெடு வைக்கப்பட்டது. பத்து வாரம்.

ஜைதூன் பீயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மீர்சாகிப்பேட்டைக்காரி, ஐம்பத்திரண்டு வயது. வீட்டில் உருது, வெளியே மெட்ராஸ் தமிழ். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் பட்டறையில் பெருக்கவும் பிளாஸ்டர் சட்டி கழுவவும் சேர்ந்தாள். சட்டி கழுவிக்கொண்டே மற்றவர்கள் செய்வதைப் பார்த்தாள். ஒருநாள் அச்சு எடுக்கும் ஆள் வரவில்லை. இவள் எடுத்தாள். அதற்குப் பிறகு அந்த ஆள் எடுத்த அச்சை யாரும் கேட்கவில்லை. பட்டயம் கிடையாது. பட்டயம் உள்ள பையன்கள் கையெழுத்துப் போடுவார்கள், இவள் கால் செய்வாள். ஒரு விஷயத்தில் அவளை எனக்குப் பிடிக்கும். வலிக்கிறது என்று நோயாளி சொன்னால், “போகப்போகப் பழகிடும்” என்று ஒருபோதும் சொல்ல மாட்டாள். வலி இருந்தால் எங்கேயோ தப்பு இருக்கிறது, அதைத் தேட வேண்டும். அவ்வளவுதான் அவள் படிப்பு.

பட்டறை முதலாளி ராம்குமார் ஞாயிற்றுக்கிழமைகளுக்குச் சாவியைக் கொடுத்தார். கால் செய்ய வெட்டி மிஞ்சிய கார்பன் இழைத் துணியையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். “ரெசின் டின்னை மட்டும் மூடி வச்சிட்டுப் போங்க அக்கா, போன தடவை பாறையாயிடுச்சு” என்றார்.

முதல் வேலை அச்சு எடுப்பது. வீணைக் கடைக்குப் போய் அளவு கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஜெயலக்ஷ்மியின் வீணையைச் சமையலறை பிளாஸ்டிக் தாளால் சுற்றினாள். மாவுக்கட்டுத் துணியை நனைத்து, எலும்பு முறிந்த காலுக்குக் கட்டுவது போலக் குடத்தைச் சுற்றிக் கட்டினாள்.

“தண்ணி! தண்ணி உள்ள எறங்கறதுடீ!”

“ஒரு சொட்டு எறங்காது. அசையாதீங்கோ.”

“நான் எங்க அசையறேன்? வீணைன்னா கட்டுப் போட்டுண்டு கெடக்கு! கல்யாணப் புடவையில காப்பி கொட்டினாப்ல இருக்கு எனக்கு.”

“காயட்டும். கால் மணி நேரம்.”

“வலிக்குதான்னு அதைக் கேக்கலையா?”

“அது உங்கள மாரி பொய் சொல்லாது டீச்சர்.”

அந்த அச்சுக்குள் பிளாஸ்டர் ஊற்றிக் குடத்தின் உருவத்தை எடுத்தாள். அதன்மேல் கறுப்புக் கார்பன் துணியை அடுக்கடுக்காகப் போர்த்தினாள். மேலே ஒரு பிளாஸ்டிக் உறை மாட்டி, காற்றை பம்ப்பால் உறிஞ்சிவிட்டு, ரெசினை உள்ளே இறக்கினாள். இறுகிய பிறகு உள்ளே இருக்கும் பிளாஸ்டரை உடைத்து எடுத்தால் கூடு நிற்கும். கால் செய்வதும் இப்படித்தான். தண்டியையும் சுரைக்காயையும் இதே முறையில் செய்தாள். தண்டிக்குள் செயற்கைக் காலின் அலுமினியக் குழாயையே வைத்தாள். குடத்தை மூடும் பலகையைத் தனியாகச் செய்தாள்.

ஆறு ஞாயிறு ஆயிற்று. புண் காய்ந்து, மேலே மெல்லிய புதுத் தோல் வந்திருந்தது. ஜெயலக்ஷ்மி வாக்குக் கொடுத்தபடி பழைய வீணையைத் தொடவில்லை. பதிலுக்கு என்னிடம் எரிந்து விழுந்தாள். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

வீணை பழுது பார்க்கும் சுயம்புலிங்கத்தை ஃபிளாட்டுக்கு வரவழைத்தோம். மயிலாப்பூரில் கடை வைத்திருக்கிறார். தண்டியின் மேல் பித்தளை மெட்டுகளை மெழுகில் பதிப்பது அவர் வேலை. ஜைதூன் பீ படுக்கை விரிப்பைப் பிரித்துக் கறுப்புக் கூட்டைக் காட்டினாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு சுற்றி வந்தார்.

“இது வீணையா, பாத்ரூம் கதவா?”

“இன்னா பாய், தொட்டுப் பாக்காமலே சொல்றீங்கோ?” கடைக்காரர் யாராக இருந்தாலும் அவளுக்குப் பாய்தான். பலகையை எடுத்து இரண்டு புத்தகக் கட்டுகளுக்கு நடுவே பாலம் போல வைத்தாள். அதன்மேல் ஏறி நின்றாள். “பாருங்கோ. ஒரு நூலாச்சும் வளையுதா?”

“ஐயையோ!” என்றாள் ஜெயலக்ஷ்மி.

“எறங்கும்மா” என்றார் சுயம்புலிங்கம். “இதுமேல யாரும் நிக்கப் போறதில்ல.”

பலகையைக் குடத்தின்மேல் கட்டி, கம்பிகளைத் தாங்கும் குதிரையை வைத்து, ஒரே ஒரு கம்பியை இழுத்துக் கட்டி மீட்டினார். டொக் என்றது. நின்றுவிட்டது. இன்னொரு முறை மீட்டினார். அதே டொக்.

ஜெயலக்ஷ்மி ஜன்னல் பக்கம் பார்த்தாள். “பக்கெட்டைத் தட்டினாக்கூட இதைவிடக் கொஞ்ச நாழி கேக்கும்” என்றாள்.

“பலகை ஆடணும்மா. அது ஆடினாத்தான் வீணை பேசும். நீ அதக் கைகால் கட்டிப் போட்டு வச்சிருக்க. எத்தன துணி போட்ட?”

“ஆறு. குதிர நிக்கற எடத்துல எட்டு.”

“எதுக்கு?”

ஜைதூன் பீ பலகையின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினாள். எதற்கென்று எனக்குத் தெரியும், முன்பு ஒருமுறை சொல்லியிருக்கிறாள். வேலை பழகிய புதிதில் அவள் செய்த ஒரு கால், ரயில் ஏறும்போது ஒருவருக்கு உடைந்துவிட்டது. ஆள் பிழைத்தார், முன்பல் இரண்டு போயிற்று. அன்றிலிருந்து சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் ஒரு துணி கூடுதலாகப் போடுவாள். சந்தேகம் இல்லாத இடத்திலும் போடுவாள். காலுக்கு அது சரி. வீணைக்கு அது வாயை அடைத்த மாதிரி. இருபத்தாறு வருடம் உடையாமல் செய்யப் பழகிய கைக்கு, உடைவதற்கு ஒரு படி முன்னால் நிறுத்தத் தெரியவில்லை.

“எவ்ளோ ஆடணும்?” என்று கேட்டாள்.

“அளந்தா சொல்ல முடியும்? காதால கேட்டுத்தான்.”

“அப்போ கேட்டுச் சொல்லுங்கோ. நான் பண்ணிக்கினே இருக்கேன்.”

நான்கு வாரம் மீதி இருந்தது. ஞாயிறு மட்டும் போதாது என்று மதியச் சாப்பாட்டு நேரத்தையும் எடுத்துக்கொண்டாள். பொம்மை விமானம் செய்வதற்கு விற்கும் இலேசான மரத்தகடு தி. நகரில் ஒரு கடையில் கிடைத்தது. அதை நடுவில் வைத்து, மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி. முதல் பலகை கம்பிகளை முறுக்கும்போதே குதிரைக்கு அடியில் படீரென்று பிளந்தது. அவள் துள்ளிப் பின்வாங்கினாள். ரயிலில் உடைந்த அந்தக் காலைத்தான் நினைத்திருப்பாள். அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை என்று ராம்குமார் சொன்னார். மறுநாள் அடுத்த பலகைக்குத் துணி வெட்டினாள்.

ஏழு பலகைகள் செய்தாள். சாக்பீஸால் எண் போட்டாள். எட்டாவது வாரத்து ஞாயிறு எல்லோரும் பட்டறையில் கூடினோம். ஜெயலக்ஷ்மியைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தாள். எது எந்தப் பலகை என்று தெரியக் கூடாதாம். சுயம்புலிங்கம் ஒவ்வொன்றாகக் கட்டி மீட்டினார்.

“வேண்டாம்... இதுவும் வேண்டாம்... இது பரவாயில்லை, ஆனா டின் மாதிரி... இது, இன்னொரு தரம் வாசியுங்கோ.”

அது ஐந்தாம் எண். வரிசையை மாற்றி இன்னும் இரண்டு முறை கேட்கச் செய்தாள். இரண்டு முறையும் ஜெயலக்ஷ்மி ஐந்தைத்தான் எடுத்தாள். ஐந்தில் குதிரைக்கு அடியில் மட்டும் விரல் அகலத்தில் இரண்டு பட்டைகள் ஒட்டியிருந்தன. மற்ற இடமெல்லாம் நகத்தால் அழுத்தினால் வளையும்.

“இன்னா சிஸ்டர், இதுமேல ஒரு பூனகூட நிக்க முடியாது” என்றாள் ஜைதூன் பீ. பெருமையா வருத்தமா என்று தெரியவில்லை.

மெட்டு பதிக்கும் முன்னால் அவளே போய் சுயம்புலிங்கத்திடம் மெழுகை எவ்வளவு சூடாக ஊற்றுவீர்கள் என்று கேட்டாள். ஒரு துண்டுக் கார்பன் பட்டையில் ஊற்றிப் பார்க்கச் சொன்னாள். பட்டை இளகி வளைந்தது. செயற்கைக் கால் அவ்வளவு சூட்டைப் பார்ப்பதே இல்லை, அதனால் பட்டறையில் யாரும் இதை யோசித்ததில்லை. பிளாஸ்டிக் தகடு சூடாக்கும் அடுப்பில், தண்டியை வளையாமலிருக்க இரும்புக் கம்பியோடு சேர்த்துக் கட்டிப் படுக்க வைத்து, ரெசின் முழுசாக இறுகட்டும் என்று எண்பது டிகிரியில் ஒரு பகல் முழுக்கச் சுட்டாள். இன்னொரு துண்டுப் பட்டையையும் கூடவே சுட்டாள். அதில் மெழுகு ஊற்றினார்கள். வளையவில்லை. அதற்குப் பிறகுதான் தண்டியைக் கொடுத்தாள்.

பத்தாவது வாரம் சனிக்கிழமை மத்தியானம் வீணை மூன்றாவது மாடிக்கு வந்தது. குளியலறை மெஷினில் மூன்று கிலோ எண்ணூறு. சுரைக்காய், குடம், தண்டி எல்லாம் கறுப்பு. பித்தளை மெட்டுகள் மட்டும் மஞ்சள்.

ஜெயலக்ஷ்மி மடியில் வைத்துக்கொண்டாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். எனக்குச் சங்கீதம் தெரியாது. கம்பியை இழுத்துவிட்டு அவள் காத்திருந்ததும், சத்தம் உடனே அணையாமல் நின்று தேய்ந்ததும் தெரிந்தது.

“கீழ் ஸ்வரமெல்லாம் கொஞ்சம் மெலிசா இருக்கு” என்றாள். “மந்தரத்துல பலா மாதிரி கனம் வரலை. ஆனா நிக்கறது. நன்னா நிக்கறது, ஜைதூன்.”

ஜைதூன் பீ வீணையைப் பார்க்கவில்லை. அந்தத் தொடைக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்பது நிமிடத்தில் நிறுத்தச் சொன்னேன். மீதிக் காலில் மாட்டியிருந்த துணி உறையைக் கழற்றினேன். தோல் திறக்கவில்லை. ஆனால் எலும்பு துருத்திய இடத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு. சிவப்பு பத்து நிமிடத்துக்குள் மறைந்தால் பயமில்லை. அதற்கு மேல் தங்கினால் அடுத்தது புண். கடிகாரத்தைப் பார்த்து மூவரும் உட்கார்ந்திருந்தோம். பத்து ஆயிற்று. பதினைந்து ஆயிற்று. இருபத்திரண்டாவது நிமிடம்தான் தோல் பழைய நிறத்துக்கு வந்தது.

“பாரம் பாதிக்கு மேல கொறைஞ்சாச்சே” என்றாள் ஜெயலக்ஷ்மி. “இன்னும் என்னதான் பண்றது?”

“பாரம் கொறஞ்சுது. எடம் மாறல” என்றாள் ஜைதூன் பீ. பென்சில் எடுத்துத் தொடையில் புடவைமேல் சுரைக்காய் உட்கார்ந்த இடத்தைக் கோடு போட்டாள். ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதோ அளவு எழுதிக்கொண்டாள். “காலைல வரேன். அதுக்குள்ள தொட்டீங்க, கைக்கும் சேத்து மாவுக்கட்டு போட்டுடுவேன்.”

மறுநாள் காலை ஏழரைக்கு வந்துவிட்டாள். கையில் திருப்புளியும் புதிதாக வெட்டிய ஒரு அலுமினியப் பட்டையும். நான் ஏற்கெனவே தோலைப் பார்த்திருந்தேன், சுத்தமாக இருந்தது. என் வார்த்தை போதவில்லை, தானும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு வீணையைக் கவிழ்த்து, சுரைக்காயைக் கழற்றி, புதுப் பட்டையில் பொருத்தி, இடுப்புப் பக்கமாக மூன்று விரற்கடை தள்ளி மாட்டினாள். முட்டிப் பக்கம் இருந்தால் பாரம் மீதிக் காலுக்குப் போகும், இடுப்புப் பக்கம் போனால் உட்காரும் சதை தாங்கிக்கொள்ளும் என்றாள். மரவீணையில் எந்த ஆசாரியும் சுரைக்காயை அந்த இடத்தில் வைக்க மாட்டார் என்று ஜெயலக்ஷ்மி சொன்னாள்.

“எந்த ஆசாரியும் உங்க காலப் பாத்து வீணை பண்ணல. வாசிங்கோ.”

நாற்பது நிமிடம். உறையைக் கழற்றினேன். சிவப்பு இருந்தது, சின்னதாக, வெளிறி. கடிகாரத்தைத் தரையில் வைத்தேன். ஏழாவது நிமிடத்தில் எங்கே சிவந்திருந்தது என்று தேட வேண்டியிருந்தது.

யாரும் கைதட்டவில்லை. ஜெயலக்ஷ்மி மூக்கைச் சிந்தினாள், காப்பி போடவா என்று கேட்டாள். ஜைதூன் பீ வேண்டாம் என்றாள். சுவரோரம் உறை போட்டு நின்ற பலாமர வீணையைக் காட்டினாள்.

“இது இங்க கீற வரைக்கும் எனக்கு நம்பிக்க இல்ல டீச்சர். மந்தரம் மெலிசா கீதுன்னு ஒரு நாள் இத எடுத்துடுவீங்கோ.”

“எடுத்துடுவேன்தான்” என்றாள் ஜெயலக்ஷ்மி. “சுயம்புலிங்கம் கடையில வச்சுடுங்கோ. நான் வந்து கேட்டாலும் குடுக்க வேண்டாம்னு சொல்லுங்கோ.”

குடப் பக்கத்தை ஜைதூன் பீ பிடித்தாள், தண்டியை நான் பிடித்தேன். மூன்று மாடி இறக்கினோம். மெட்ரோ வேலைக்கு அடைத்த தெருவைச் சுற்றி ஒரு ஆட்டோ வந்தது. பின் சீட்டில் வீணையைப் படுக்க வைத்துவிட்டு, அவள் டிரைவர் பக்கத்தில் இடுக்கி உட்கார்ந்தாள். நான் மேலே ஏறி வந்து, ஜெயலக்ஷ்மிக்குச் செயற்கைக் காலை மாட்டிவிட்டு, தினமும் செய்கிற படி இறங்கி ஏறும் பயிற்சியை அன்று ஒரு மாடி கூடுதலாகச் செய்ய வைத்தேன்.